திருப்பிக் கட்டிய கணவாய் ஓடு

ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டு, திருப்பூர், மங்களூர் என்று சுற்றிவிட்டு, இப்போது சங்கரன்கோவிலில் தறி ஓட்டுகிறேன். என்னை ஓரிடத்தில் உட்காரவைத்தது ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸ்.

முட்டையிடும் பெட்டைக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டும் என்று பறவைக் கடைக்காரர் கணவாய் மீனின் ஓட்டைக் கொடுத்தார். கூண்டில் கட்டினேன். கொத்தக் கொத்த வெள்ளைப் பொடி உதிர்ந்தது.

"ஏங்க, வீடெல்லாம் மாவாக் கெடக்கு. பெருக்கிப் பெருக்கி என் இடுப்பு ஒடியுது" என்றாள் மனைவி. பொடி விழாமலிருக்க, ஓட்டின் கெட்டியான முதுகு கூண்டுக்குள் பார்க்கும்படி திருப்பிக் கட்டினேன். வீடு சுத்தமானது. எனக்குப் பெருமைதான்.

அடுத்த முறை முட்டையிடும் நேரத்தில் பெட்டை இறகை உப்பிக்கொண்டு, கண் செருகித் தரையில் கிடந்தது. பிழைக்காது என்றே நினைத்தேன். கூண்டோடு தூக்கிக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினேன். முட்டை உள்ளே சிக்கியிருக்கிறது என்றவர், கால்சியம் மருந்து கொடுத்து, பல்பின் சூட்டில் வைத்தார்.

"ஓடு கட்டித்தான் வச்சிருக்கேன் சார்" என்றேன்.

கூண்டைப் பார்த்துச் சிரித்தார். "என்னவே, கல்லுச் சுவரைக் காட்டிக் கட்டியிருக்கீரு! மெத்துனு இருக்க பக்கத்தைத்தானவே அது கொத்தும்?"

ஒரு மணி நேரத்தில், மேலோடு இறுகாமல் தோல் போலிருந்த முட்டை வெளியே வந்தது. பெட்டை எழுந்து தண்ணீர் குடித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

இப்போது மெத்தென்ற பக்கம் உள்ளே பார்க்கக் கட்டுகிறேன். உதிரும் பொடியை நானே பெருக்குகிறேன். பொடி விழாத நாளில்தான் பயம் வருகிறது.