மாத்திரையும் மீனும்

பார்க்கின்சன் என்னும் நடுக்க நோய் வந்ததும் நான் கடலுக்குப் போவது நின்றது. மத்தியானம் மாத்திரை கொடுத்த கையோடு, என் மனைவி மீனை முள்ளெடுத்துச் சோற்றில் பிசைந்து ஊட்டுவாள். "துன்னாத்தான் தெம்பு வரும்" என்பாள். ஆனாலும் சாப்பிட்டு எழுந்தால் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும்.

இருவரும் போயிருந்தபோது செங்கல்பட்டு டாக்டர் என் சாப்பாட்டைப் பற்றி விசாரித்தார். "மீன்ல இருக்கிற புரதம் மாத்திரையை வேலை செய்யவிடாது. மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் கழிச்சுச் சாப்பிடுங்க" என்றார்.

புதுப்பட்டினம் திரும்பி வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் கேட்டாள்: "இத்தினி நாளா உன்னக் கட்டிப் போட்டது நான்தானா?"

"நீ இன்னா கண்ட, வுடும்மே" என்றேன். சிரித்துக்கொண்டே சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் இந்த நோய் முகத்தையும் இறுக்கிவிட்டிருந்தது. கோபம் என்று எடுத்துக்கொண்டாள்.

இப்போது வாசல்வரை நடக்கிறேன். அவள் தட்டை வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். நடுங்கும் கையால் நானே முள்ளெடுக்கிறேன்.