பேட்டர்ன் மாஸ்டரின் பெட்டி பூட்டிக்கொண்டது

பாக்கியநாதனின் வீடியோ கேம் பெட்டியின் மென்பொருள் புதிய பதிப்புக்கு மாறிவிட்டது. அவர் மனைவி எஸ்தர் நேற்று மாலை தொலைபேசியில் இதை உறுதிப்படுத்தினார்; திரையில் இருந்த பதிப்பு எண்ணை இரண்டு முறை படித்துக் காட்டினார். பாக்கியநாதன் எழுதிய விளையாட்டு இனி அந்தப் பெட்டியில் ஓடாது என்று சொன்னவர் அவர் நண்பர் ரஃபீக். இதற்கு வேறு ஆதாரம் எனக்குக் கிடைக்கவில்லை.

பாக்கியநாதன் இறந்த செய்தியும் சென்ற மாதம் ரஃபீக் மூலமாகத்தான் வந்தது. முதலிபாளையத்தில் வேலை பார்த்த யூனிட்டில், மதியச் சாப்பாடு முடிந்து கணினி முன் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. நம் ஊரில் பனியன் தொழிலில் இருக்கும் பலருக்கு அவர் பேட்டர்ன் மாஸ்டர்: கை, முன்பக்கம், பின்பக்கம் என்று உடுப்பின் துண்டுகளைத் துணியில் எப்படி அடுக்கினால் வீணாகாது என்று கணினியில் போட்டுக் கொடுப்பவர். தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து நெருப்பெரிச்சலில் குடியேறியவர். அவர் வீட்டில் செய்துவந்த இன்னொரு வேலை சிலருக்குத்தான் தெரியும். அது எனக்கு இன்னும் முழுதாக விளங்கவில்லை. விளங்கியவரை எழுதுகிறேன்.

நகல் எடுத்த கேம்களை விற்கும் கடைகளைப் பற்றிச் செய்தி சேகரிக்கப் போனபோதுதான் அவரை அவர் வீட்டில் சந்தித்தேன். பெட்டியின் பூட்டை உடைப்பவர் என்று யாரோ அடையாளம் சொல்லியிருந்தார்கள். ரஃபீக்கும் அங்கே இருந்தார். பட்டன், ஜிப் வியாபாரி. ஞாயிறுதோறும் விளையாட வருபவர்.

“என்ன அண்ணாச்சி, களவாணின்னு எழுதப் போறீயளா?” என்றார் பாக்கியநாதன்.

“போட்டோவோட போடுங்க சார்” என்று ரஃபீக் முந்திக்கொண்டார். “மாஸ்டரை இந்தப் பக்கமிருந்து எடுங்க, அப்பத்தான் முடி இருக்கறாப்ல தெரியும்.”

அந்தப் பெட்டி தன் காலத்து விளையாட்டுகளோடு, அதற்கு முந்தைய மாடலின் வட்டுகளையும் ஓட்டும். பழைய வட்டைப் போட்டதும் அது பழைய பெட்டியாகவே மாறிவிடும். அப்படியானால் உள்ளே இருப்பது ஒரு மிஷினா, இரண்டா என்று கேட்டேன். ஒன்றுதான் என்றார். சற்று யோசித்து, இரண்டு என்றும் வைத்துக்கொள்ளலாம் என்றார். குறிப்பேட்டில் இரண்டையும் எழுதிக்கொண்டேன்.

பிறகு ஒரு சீல் சேம்பிளை எடுத்து வந்தார். துணி வாங்கும் வெளிநாட்டு பையர் பார்த்து ஒப்புக்கொண்டு முத்திரை வைத்த மாதிரி உடுப்பு அது. அந்த முத்திரை இல்லாமல் எந்த யூனிட்டிலும் தையலைத் தொடங்க மாட்டார்கள். பெட்டியும் அப்படித்தானாம். தயாரித்த கம்பெனியின் முத்திரை இருக்கும் கேமை மட்டுமே ஓட்டும். பாக்கியநாதன் தானே எழுதிய கேமுக்கு அந்த முத்திரை கிடையாது. ஆனால் பழைய பெட்டியாக மாறி நிற்கும்போது சோதனையில் ஓர் ஓட்டை இருந்தது. ஒரு பழைய விளையாட்டு, சேமித்து வைத்த ஆட்டத்திலிருந்து ஆடுபவரின் பெயரைப் படிக்கும்போது அதன் நீளத்தை அளந்து பார்ப்பதில்லை. பெயர் மிக நீளமாக இருந்தால், மிஞ்சிய எழுத்துகள் மிஷின் தன் கட்டளைகளை எடுத்துக்கொள்ளும் இடத்தில் போய் விழும். அந்த மிச்சத்தில்தான், மெமரி கார்டில் இருப்பதை ஓட்டு என்ற கட்டளையை அவர் வைத்திருந்தார்.

“பேரு கேட்டுச்சு. கொஞ்சம் நீளமாச் சொன்னேன், அவ்ளோதான்” என்றார்.

இது தவறில்லையா என்று கேட்டேன். “நான் எழுதுன கேமை, நான் துட்டு குடுத்து வாங்குன பெட்டியில போடுதேன். இதுல யாருட்ட களவாண்டேன்?” என்றார். அதே வழியில் பிறர் விற்கும் கேம்களின் நகலையும் ஓட்டலாமே, ஓட்டியதுண்டா என்றேன். அவர் ரஃபீக்கைப் பார்த்தார். ரஃபீக் டிவியைப் பார்த்தார். பாக்கியநாதன் திருடரா இல்லையா, ஒரு வரியில் சொல்லுங்கள் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். என்னால் சொல்ல முடியவில்லை. செய்தி வெளிவரவில்லை. நான் மட்டும் அவ்வப்போது அவர் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

அவர் எழுதிய விளையாட்டில் திரையின் அடியில் துணி விரிந்திருக்கும். மேலிருந்து உடுப்பின் துண்டுகள் இறங்கும். துணி வீணாகாமல் அவற்றை அடுக்க வேண்டும். நான் ஆடியபோது பாதித் துணி பாழானது. “கையைத் தலைகீழாப் போட்டுட்டீய அண்ணாச்சி. கோடு போட்ட துணி, சேருமா?” என்று கேட்டார். ரஃபீக் அந்தத் துணிக்கு என் பேரில் பில் போடச் சொன்னார். எஸ்தர் அந்த விளையாட்டைப் பார்த்ததே இல்லை. டிவியை அடைத்துக்கொண்டு என்னதான் செய்கிறார் என்று அவர் கேட்கும்போதெல்லாம், கடைசி ஸ்டேஜ் முடியட்டும், காட்டுகிறேன் என்பாராம்.

பெட்டியை அவர் ஒருபோதும் இன்டர்நெட்டில் இணைக்கவில்லை. கம்பெனி இப்படிப்பட்ட ஓட்டைகளைத் தேடிக் கண்டுபிடித்துப் புதுப் பதிப்பு அனுப்பும். அது உள்ளே வந்ததும் அந்த நீளப் பெயரைத் தேடி அழித்துவிடும். திரும்ப வைக்கவும் விடாது. “அவன் தைச்சிட்டே வாறான், நான் பிரிச்சிட்டே போறேன்” என்பார். பழைய மிஷினின் ஓட்டையை அடைப்பதில் கம்பெனிக்கு ஏன் இத்தனை அக்கறை என்று கேட்டேன். பழையதற்குள்ளிருந்து புதியதற்கு வழி இருக்குமோ என்ற பயம் என்றார். இருக்கிறதா என்றேன். “நானும் தேடிட்டுத்தான் இருக்கேன்” என்றார்.

முப்பதாம் நாள் ஜெபம் முடிந்து உறவினர்கள் ஊருக்குத் திரும்பிய பிறகு, கணவர் செய்தது என்னவென்று ஒருமுறையாவது பார்த்துவிட வேண்டும் என்று எஸ்தர் பெட்டியை இயக்கியிருக்கிறார். இணைப்பு இல்லை என்றது. இணைத்தார். புதிய பதிப்பு வந்திருக்கிறது, ஏற்கிறீர்களா என்றது. எஸ்தர் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சன்டைசர். பையரிடமிருந்து வரும் மாற்றங்களுக்கு நாள் முழுக்கப் பதில் போடுபவர். புதிதாக ஒன்று வந்தால் முந்தையது செல்லாது என்பது அந்த மேசையின் முதல் பாடம்.

“கடைசியா வந்த கமெண்ட்ஸ்தான அண்ணாச்சி செல்லும்? அப்ரூவ் பண்ணிட்டேன்” என்றார் நேற்று. பிறகு, “அவிய வேலைய நானே அழிச்சிட்டனா?” என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. விளையாட்டு இருக்கும் மெமரி கார்டு எஸ்தரிடம் பத்திரமாக இருக்கிறது; அதற்குள் போகும் வழிதான் அடைபட்டது என்கிறார் ரஃபீக். புதுப்பிக்காத அதே ரகப் பெட்டி எதிலும் அது ஓடும் என்றார், இத்தகைய பெட்டிகளைப் பழுதுபார்க்கும் ஒருவர். இன்னொருவர், எழுதிய பெட்டியைத் தவிர வேறெதிலும் ஓடாதபடியும் எழுதியிருக்கலாம் என்றார். இரண்டு பேரும் உறுதியாகவே பேசினார்கள். சரியான பதில் தெரிந்தவரைத்தான் அடக்கம் செய்துவிட்டோம்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு தயக்கம். ஏதேனும் திரை என்னிடம் சம்மதம் கேட்டால், இப்போதெல்லாம் விரல் நின்றுவிடுகிறது. யாருடைய முத்திரை, யாருடைய பெட்டி என்று யோசிக்கிறேன். விடை கிடைத்ததில்லை. யோசிப்பதை விடவும் முடியவில்லை.

ரஃபீக்கிடமும் அதே ரகப் பெட்டி ஒன்று உண்டு. பாக்கியநாதன் கையாலேயே அதே முறையில் திறந்து வைத்தது. இப்போது அது சாமளாபுரத்தில் அவருடைய மச்சான் வீட்டில் இருக்கிறது. அங்கே யாரும் அதை இன்டர்நெட்டில் இணைக்கவில்லை என்று மச்சான் சொன்னதாக ரஃபீக் சொல்கிறார். நான் நேரில் விசாரிக்கவில்லை. வரும் ஞாயிறு எஸ்தர் சர்ச்சிலிருந்து திரும்பியதும் பெட்டியைக் கொண்டுவந்து கார்டைப் போட்டுப் பார்ப்பதாக ஏற்பாடு. என்னையும் வரச் சொல்லியிருக்கிறார்கள்.

நேற்று போனை வைக்கும் முன் எஸ்தர் ஒன்று சொன்னார். “ரஃபீக் அண்ணன அவிய மச்சான்ட்ட சொல்லச் சொல்லுங்க. அந்தப் பெட்டி என்ன கேட்டாலும் ஓகே குடுக்க வேண்டாம்.”