சத்தத்தைக் கூட்டும் வழக்கம்

திருவொற்றியூரில் நாங்கள் இருந்த ஸ்டோர் வீட்டில் ஒரு முற்றம், ஒரு அடிபம்பு, சுற்றிலும் ஏழு குடித்தனம். அங்கே யாரும் சொல்லிக்கொடுக்காத ஒரு மரியாதை இருந்தது. எந்த வீட்டில் புருஷன் கையை ஓங்கினாலும் மற்ற வீடுகளில் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவார்கள். அடுத்த வீட்டு அழுகையைக் காதில் வாங்காமல் இருப்பதுதான் நாகரிகமாம். அடி வாங்குகிறவளே முதலில் போய்த் தன் வீட்டு டிவியைத் திருகிவிட்டு வருவாள், மானம் வெளியே போகக்கூடாதே என்று. அந்த முற்றத்தில் அதிகமும் சத்தம் கூடியது என் பொருட்டுத்தான்.

என் கணவருக்கு எண்ணூர்ப் பக்கம் தொழிற்சாலை வேலை. வெளியில் தங்கமான மனுஷன். பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்கெல்லாம் கடலை மிட்டாய் வாங்கி வருவார். எனக்கு அதைப் பார்த்தால்தான் பற்றிக்கொண்டு வரும்.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஒரு கோடை. ஒரு மத்தியானம் லோக்கல் சேனலில் பேய்ப் படம் போடுவதாகச் சொன்னார்கள். எதிர்வீட்டு அக்கா காசிமேட்டில் மீன் விற்பவள். விடியலில் போய் மத்தியானத்துக்குள் திரும்பிவிடுவாள். கலர் டிவி அவள் வீட்டில்தான் இருந்தது. ஆண்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். மாங்காயைக் கீறி மிளகாய்த்தூள் தூவிக்கொண்டு பெண்கள் எல்லோரும் அங்கே கூடினோம். என் மகள் அப்போது யூகேஜி. என் மடியில் தலைவைத்துத் தூங்கிப்போனாள்.

படம் தமிழில்லை, இங்கிலீஷும் இல்லை. அக்கா செல்போனை எடுத்துக் கேபிள்காரரைப் பிடித்தாள். "இன்னாபா படம் போட்டுக்கீற? ஒரு எழவும் பிரியல!" பர்மா பஜார் கடைக்காரன் தமிழ் என்று சொல்லித்தான் சிடியைக் கொடுத்தான், ஸ்பானிஷாம், பேய் நிச்சயம் வரும், பொறுத்துப் பாருங்கள் என்றார் அவர். கீழே ஓடிய இங்கிலீஷ் எழுத்தைப் படித்துச் சொல்ல, பத்தாவது முடித்திருந்த மூலை வீட்டுப் பெண்ணை முன்னால் உட்காரவைத்தோம்.

படத்தில் வந்த அப்பன் ஒரு டாக்டர். தெருவில் போனால் ஊரே தொப்பியைக் கழற்றி வணக்கம் சொன்னது. வீட்டிலோ, அவன் உட்காரும்வரை பொண்டாட்டியும் இரண்டு மகள்களும் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி நிற்க வேண்டும். "மூஞ்சப் பாரு, எம்மாம் நல்லவனாட்டம் கீறான்," என்று அக்கா ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துவிட்டாள். எல்லோரும் சிரித்தோம். அப்புறம் அவன் சட்டைக் கையை நிதானமாக மடித்துவிட்டுக்கொண்டு, மூத்தவளைப் பக்கத்து அறைக்கு இழுத்துப்போனான். அம்மாக்காரி ஓடிப்போய்த் தடுப்பாள் என்று பார்த்தோம். அவள் எழுந்துபோய் ரேடியோ சத்தத்தைக் கூட்டினாள்.

மாங்காய்த் தட்டுப் பக்கம் ஒரு கையும் போகவில்லை. யாரும் யாரையும் பார்க்கவில்லை. எனக்கு முகமெல்லாம் எரிந்தது. எங்கள் முற்றத்து ரகசியத்தை யாரோ அந்த ஊருக்குப் போய்ச் சொல்லிவிட்ட மாதிரி இருந்தது. மூலை வீட்டுப் பெண் மட்டும், "அந்தம்மா இன்னா சொல்துன்னா..." என்று எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்தாள்.

"படிக்காதமே. பிரியுது," என்றாள் அக்கா.

அடுத்தமுறை அவன் சட்டைக் கையை மடித்தபோது, யாரும் சொல்லாமலே இளையவள் எழுந்துபோய் ரேடியோவைத் திருகினாள். அந்தப் பாட்டுச் சத்தத்துக்குள்ளேயே மூத்தவள் செத்துப்போனாள். பேயாக வந்து அப்பனைக் கிழித்தாள். ரத்தம் சுவரெல்லாம் தெறித்தது. ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சாக்கடைப் பக்கம் ஓடினாள். ஆனால் பேயைப் பார்த்து யாரும் பயப்படவில்லை. "வுடாத, புடி அவன!" என்று கத்தினார்கள். நான் கத்தவில்லை. ரேடியோவைத் திருகிய அந்தச் சின்னவளின் கைதான் எனக்குக் கண்ணிலேயே நின்றது.

ஏனென்றால் என் மகளும் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். அவர் குரல் உயர்ந்தால் போதும், எங்கள் பழைய கறுப்பு வெள்ளை டிவியின் குமிழை அவளே போய்த் திருகுவாள். சமர்த்து என்று நினைத்திருந்தேன். அன்று அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு முற்றத்தைக் கடக்கும்போதே முடிவு செய்துவிட்டேன், இனி அந்தக் குமிழில் இவள் கை படக்கூடாது.

அவர் திருந்தினாரா என்று கேட்பீர்கள். இல்லை. அடுத்த வருஷமே நானும் மகளும் தனியாக வந்துவிட்டோம். வேலை தேடியது, வீடு பிடித்தது எல்லாம் வேறு கதை. அதற்கெல்லாம் தெம்பு வந்தது படம் பார்த்த அந்த வாரத்தில் ஒரு சாயங்காலம்தான்.

வேலையிலிருந்து வந்தவருக்குச் சட்னி புளித்துவிட்டது. தட்டு பறந்தது. கை ஓங்கியது. மகள் வழக்கம்போல எழுந்தாள். நான் அவள் கையைப் பிடித்து என் பின்னால் நிறுத்திக்கொண்டேன். டிவி பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினேன். தாழ்ப்பாளை எடுத்துக் கதவை விரியத் திறந்துவைத்தேன்.

தட்டு விழுந்த சத்தம் கேட்டதுமே முற்றத்தில் டிவிகள் ஒவ்வொன்றாக ஏறத் தொடங்கியிருந்தன. ஒரு வீட்டில் செய்தி, ஒரு வீட்டில் பாட்டு. என்மேல் விழுந்த முதல் அடி அந்தச் சத்தத்தில்தான் விழுந்தது. அப்போது எதிர்வீட்டு டிவி நின்றது. அக்கா வாசலில் வந்து நின்றாள். அவளைப் பார்த்து அடுத்த வீட்டு டிவியும் நின்றது. அப்புறம் எல்லாமே. அடிபம்பில் சொட்டுகிற தண்ணீர்கூடக் கேட்டது. வாசலுக்கு ஒருத்தியாகப் பெண்கள் எங்கள் வீட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இரண்டாவதாக ஓங்கிய கை அப்படியே நின்றது. அவர் வெளியே பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"டிவியப் போடு," என்றார்.

"போட மாட்டேன்."

"இன்னா நைனா, டிவி இல்லாங்காட்டி கை வராதா?" என்று அக்கா முற்றத்திலிருந்து கேட்டாள்.

அவருக்கு வியர்த்துவிட்டது. குனிந்து, கடலை மிட்டாய் கொடுக்கும்போது பேசுகிற அதே குரலில் மகளைக் கெஞ்சினார். "பாப்பா, நீயாவது போடும்மா."

அவள் டிவியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.