நாலில் ஒன்று வெள்ளை

இலங்கையில் நிவித்திகல பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்த இந்திரகுமாருக்கு, துபாயில் பாம்புகளை ஜோடி சேர்த்துவிடும் வேலை. நம்பக் கஷ்டம்தான். பணக்காரர்கள் வீட்டில் வளர்க்க மலைப்பாம்பு வாங்குகிற ஊர் அது. எதை எதோடு சேர்த்தால் எந்த நிறத்தில் குட்டி வரும் என்பது அவனுக்கு அத்துப்படி. தாயும் தகப்பனும் பார்க்கப் பழுப்பாகத்தான் இருக்கும். இரண்டுக்குள்ளும் வெள்ளை ஒளிந்திருந்தால், ஒவ்வொரு முட்டையிலும் வெள்ளைக்கு நாலில் ஒரு பங்கு இடமுண்டு.

ஆறு மாதத்துக்கு முன் அவன் மனைவி கலைச்செல்விக்கு மகள் பிறந்தாள். தோலும் வெள்ளை, முடியும் வெள்ளை, வெயில் பட்டால் கண் கூசிச் சுருங்கும். லயத்து வாய்கள் சும்மா இருக்குமா? "சுத்தாவோட புள்ள" என்றார்கள். வெள்ளைக்காரன் பிள்ளையாம்! அந்தத் தோட்டத்தில் வெள்ளைக்காரனைப் பார்த்து எத்தனை காலமாயிற்று என்று ஒருவரும் யோசிக்கவில்லை. கலைச்செல்வி கொழுந்தெடுக்கப் போவதையே நிறுத்திவிட்டாள்.

லீவில் வந்த மூன்றாம் நாள், காலையில் வேலைக்குப் பேர் கொடுக்க ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்துக்கே போய் இந்திரகுமார் போனை நீட்டினான். இரண்டு பழுப்புப் பாம்புகள், நடுவில் அவை பெற்ற வெள்ளைக் குட்டி.

"பாருங்க. நானும் செல்வியும் அத்த மகன், மாமன் மக. ஒரே ரத்தம். ரெண்டு பேருக்குள்ளயும் இது மறைஞ்சிருந்திருக்கு. அவ மேல தப்பே இல்லங்க."

அவன் அம்மா சுப்பம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"அடப் பாவி! பாம்பப் பெட்டியில அடச்சு வச்சா ஜோடி சேத்த? அந்தச் சாபந்தான்டா புள்ள மேல எறங்கியிருக்கு!"

கூட்டம் மொத்தமும் தலையாட்டியது. கலைச்செல்வியின் மானம் அந்த நிமிடமே திரும்பி வந்தது. பழி பிள்ளையின் தலையில் போய் உட்கார்ந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்தான், ஆனால் இருந்திருந்தால் செல்வி செத்திருப்பாள். அவன் என்னதான் செய்வான், பாவம்!

அன்றைக்கே சுப்பம்மா புற்றுக்குப் பால் ஊற்றித் திருநீறு கொண்டுவந்தாள். எட்ட நின்றே கையை நீட்டிப் பிள்ளையின் நெற்றியில் பூசினாள். பிள்ளை தூக்கச் சொல்லி இரண்டு கையையும் விரித்தது.

"ஒருவாட்டி தூக்குங்கம்மா" என்றான் இந்திரகுமார்.

"வேணாம்பா. பயமா இருக்கு."

அவள் போனபின் கலைச்செல்வி கேட்டாள்: "அங்க வெள்ளையா பொறக்குற குட்டிய என்னாங்க செய்வாங்க?"

"அதத்தான் செல்வி மொதல்ல கேட்டு வாங்கிட்டுப் போவாங்க."

பிள்ளை இன்னும் விரித்தபடி வைத்திருந்த கைகளைக் கலைச்செல்வி மெல்ல மடக்கிவிட்டாள்.