திகதி போடாத கையெழுத்து

ராசன் அண்ணையின் பெயர் என் கைத்தொலைபேசியில் வந்தபோது நான் எடுக்கவில்லை. வியாழக்கிழமை மதியம். நான் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒரு வாடிக்கையாளருக்குச் சட்டம் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். வேலை நேரம் என்பது வெறும் சாட்டு. அவரோடு பேச எனக்குப் பயமாக இருந்தது, அதுதான் உண்மை. நான்கு நாட்களுக்கு முன்னர் அவரிடம் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கியிருந்தேன். அதைப் பற்றித்தான் கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். இரண்டாவது முறையும் அடித்தது, விட்டுவிட்டேன். மூன்றாவது முறை எடுத்தபோது பேசியது அவர் மனைவி ஜெயந்தி அக்கா.

"சுதா, அவர் எங்களை விட்டுட்டுப் போட்டார். வேலைக்கு வெளிக்கிட்டு நிண்டவர். சப்பாத்துப் போடக் குனிஞ்சவர், அப்பிடியே சரிஞ்சிட்டார்."

முப்பத்தோராம் நாளுக்கு அச்சிடும் கல்வெட்டில், அந்த நினைவுப் புத்தகத்தில், ஒரு பக்கம் எழுதித் தரும்படி கேட்டதும் அவர்தான். "என்ர மனுசன் ஒம்பது வருசமா ஞாயிற்றுக்கிழமையளில எங்க போனவர் எண்டு எங்கட ஆக்கள் ஒருத்தருக்கும் விளங்கேல்லை. பக்கத்தில நிண்டது நீதான். நீ எழுது" என்றார். எழுதுகிறேன். எழுதும்போதும் பயமாகவே இருக்கிறது, ஏனென்றால் அந்தத் தாளைப் பற்றியும் நான் எழுதியாக வேண்டும்.

இந்த ஜெர்மன் நகரத்தில், வுப்பர்டாலில், ராசன் அண்ணையை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். பஸ் பணிமனையில் கழுவுகிற வேலையில் தொடங்கி மெக்கானிக் ஆனவர். கோயில் தேருக்குச் சில்லுப் பூட்டியவர். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஒரு மேளக் குழுவில் பாஸ் ட்ரம் அடித்தார். ஊரில் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கு வருகிற பாண்ட் வாத்தியத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதைப் பெரிதாக்கி, விளையாட்டு மைதானம் முழுவதும் நடந்தபடியே வாசிக்க வைத்து, நடுவர்களை உட்கார்த்திப் புள்ளி போடச் சொன்னால் எங்கள் போட்டி. வயதெல்லை கிடையாது. எங்கள் குழுவில் பள்ளிக்கூடப் பிள்ளையும் இருக்கிறாள், ஓய்வூதியம் எடுக்கிற தபால்காரரும் இருக்கிறார்.

பாஸ் ட்ரம்மில் நாங்கள் ஐந்து பேர். சிறியதிலிருந்து பெரியது வரை ஐந்து மேளங்கள். ஒருவர் ஒரு அடி, அடுத்தவர் அடுத்த அடி, இப்படி ஐந்து பேர் சேர்ந்தால்தான் ஒரு வரி. நான் நான்காவது. அண்ணை ஐந்தாவது, ஆகப் பெரிய மேளம். என் அடி விழுந்த கையோடு அவருடைய அடி விழும். ஒன்பது வருடமாக என் வலப்பக்கத்தில் அந்தச் சத்தம் இருந்தது.

அவர் ஒரு பயந்தாங்கொள்ளி. இதைச் சொன்னால் ஜெயந்தி அக்கா கோபிக்க மாட்டார், அண்ணையும் கோபிக்க மாட்டார். மைதானத்துக்குள் இறங்குவதற்கு முன் எங்களை வரிசையாக நிறுத்தி வைப்பார்கள். ஜெர்மன்காரர் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு மூச்சை இழுத்து விடுவார்கள், ஆளுக்காள் முதுகில் தட்டுவார்கள். அண்ணை மட்டும் என் பக்கம் திரும்பி, "எனக்குக் கால் நடுங்குது. உங்களுக்கு?" என்று கேட்பார். முதல் வருடம் நான் இல்லை என்று பொய் சொன்னேன். "அப்ப நீங்கள் அடிக்கிறதைக் கவனிக்கேல்லை போல" என்றார். அடுத்த வருடத்திலிருந்து உள்ளதைச் சொன்னேன்.

ஒருமுறை என்னால்தான் எல்லாம் குலைந்தது. எங்கள் குழு சிறியது, போன வருடத்துப் புள்ளி குறைந்தவர்களைக் காலையில் முதலில் இறக்குவார்கள். காலை பத்து மணிக்கு பார்வையாளர் மேடையில் யார் இருப்பார்கள்? எங்கள் வீட்டுக்காரர்களும் கோப்பி விற்கிறவரும். வெறும் மேடை சத்தத்தைத் திருப்பி அனுப்பும். சனம் நிறைந்திருந்தால் அப்படித் திரும்பி வராது. நாங்கள் அடித்தது திரும்பி வந்து என் காதில் விழ, அதை முன்னால் நிற்பவர்கள் அடிக்கிறார்கள் என்று எண்ணி நான் அதற்கு அடித்துவிட்டேன். அரை அடி பிந்திப் போனேன். அண்ணை தன் சரியான இடத்தில் அடித்திருக்கலாம், பிழை என் தலையில் மட்டும் விழுந்திருக்கும். அவர் என் பிழையோடு சேர்ந்து அடித்தார். வரி அறவில்லை, புள்ளி மட்டும் போயிற்று. ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். "பிழையில தனிய நிக்கேக்க வாற பயம் பொல்லாதது தங்கச்சி. ரெண்டு பேர் நிண்டால் கொஞ்சம் குறையும்" என்றார்.

தன் முறை முடிந்ததும் மற்றவர்கள் உடை மாற்றி பியர் குடிக்கப் போவார்கள். அண்ணை உடுப்போடேயே பார்வையாளர் மேடையில் ஏறிச் சனத்தோடு இருப்பார். ஒருநாள் அவருக்குப் பக்கத்தில் இருந்த ஒரு ஜெர்மன் அம்மா, மாலையில் கடைசிக் குழு வருமுன்பே பையை எடுத்துக்கொண்டு எழும்பினாராம். கடைசியில் வருவது தெற்கில் இருந்து வருகிற பெரிய குழு. பல வருடமாக அவர்கள்தான் முதலிடம். அவர்களைப் பார்க்காமல் போகிறீர்களே என்று அண்ணை கேட்டிருக்கிறார். "அவர்கள் பிழையே விட மாட்டார்கள். நான் யாருக்காகப் பயப்படுவது?" என்றாராம் அந்த அம்மா. அண்ணை அதை என்னிடம் வந்து சொன்னபோது முகம் மாறியிருந்தது.

அந்த வருடம்தான் எங்கள் தலைவர், பார்வையாளரைக் கவர ஒரு யோசனை கொண்டுவந்தார். அண்ணைக்கு வேட்டி கட்டி, தலைப்பாகை வைத்து, நடுவில் தனியாக அடிக்க விடலாம் என்றார். மனுசன் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். அண்ணை ஜெர்மன் மொழியில் பதில் சொன்னதைத் தமிழில் சொல்கிறேன்: "நான் இஞ்ச பாஸ் ட்ரம் அடிக்க வந்தனான். வேசம் கட்டுறதெண்டால் என்ர சொந்தக்காரற்ற கலியாணங்கள் காணும்." தலைவர் சிரித்துவிட்டு விட்டுவிட்டார். அண்ணையோ என்னிடம், "சனத்துக்கு வேடிக்கை தேவையில்லை. ஆர் வெல்லுவான் எண்டு தெரியாமல் இருக்கவேணும். சொசேஜ் வாங்க முதலே வெண்டவன் ஆர் எண்டு தெரிஞ்சால் அதுகள் ஏன் வெயிலுக்க இருக்கப்போகுதுகள்?" என்றார்.

எல்லாக் குழுக்களும் கூடும் ஆண்டுக் கூட்டத்தில் அவர் ஒரு யோசனையை முன்வைத்தார். எங்கள் குழுவில் உறுப்பினர் பதிவுக்கு அவர்தான் பொறுப்பு. சிறிய குழுக்கள் பழக்கி எடுத்த ஆட்களைப் பெரிய குழு ஒவ்வொருவராக இழுத்துக்கொள்வதை அவர் தன் கையாலேயே பதிந்து பதிந்து பார்த்தவர். ஒரு ஆளை எடுத்தால், அந்தப் பருவத்துக்குத் தங்கள் ஆள் ஒருவரைச் சிறிய குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்பது அவர் யோசனை. அதை விளக்க எங்கள் பள்ளிக்கூட இல்லங்களைச் சொன்னார். "எங்கட பள்ளிக்கூடத்தில விளையாட்டுப் போட்டிக்கு முதல் பிள்ளையளைப் பிரிப்பினம். நல்லா ஓடுற எல்லாரையும் ஒரே இல்லத்தில போடுறேல்லை. போட்டால் மற்றப் பிள்ளையள் வீட்டை போயிடுங்கள்" என்று தன் பணிமனை ஜெர்மனில் சொன்னார். மண்டபத்தில் சிலர் சிரித்தார்கள். பெரிய குழுவின் ஆள் எழுந்து, விரும்பி வருகிறவர்களைக் கட்டி வைக்க முடியாது என்றார். கைகள் உயர்ந்தன, யோசனை தோற்றது. நான் அண்ணைக்குப் பக்கத்தில் இருந்து கை உயர்த்தினேன். உயர்த்திய அதே கையால்தான் போன மாசி மாதம் அந்தப் பெரிய குழுவின் படிவத்தை நிரப்பினேன்.

ஏன் என்று கேட்பீர்கள். எனக்கு நாற்பத்தொரு வயது. ஒன்பது வருடம் வெறும் மேடைக்கு முன்னால் அடித்தேன். ஒரே ஒரு தடவையாவது சனம் நிறைந்த மேடைக்கு முன்னால் நிற்க வேண்டும் என்று ஆசை வந்தது. அவர்களிடம் நான்காவது பாஸ் ட்ரம் காலியாக இருந்தது, என்னைக் கேட்டார்கள். உடனே ஓம் என்றேன், யோசிக்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. ஆனால் பழைய குழு விடுவித்ததாகப் பதிவுப் பொறுப்பாளர் கையெழுத்திட வேண்டும்.

ஞாயிறு பயிற்சி முடிந்து வாகனத் தரிப்பிடத்தில் நின்றோம். தாளை நீட்டினேன். அண்ணை மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டி இரண்டு முறை வாசித்தார். வாதாடுவார் என்று நினைத்தேன், அதற்குப் பதிலும் தயாராக வைத்திருந்தேன். அவர் மேளப்பெட்டியில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார். திகதி போடுகிற இடத்தை மட்டும் விட்டுவிட்டார்.

"திகதியை நீங்கள் போடுங்கோ தங்கச்சி. எப்ப போறது எண்டு நான் சொல்ல ஏலாது."

"கோவமோ அண்ணை?"

"கோவமில்லை. பயமாக் கிடக்கு. இப்ப முப்பத்தொரு பேர். நீங்கள் போனால் முப்பது. முப்பதுக்குக் கீழ போனால் எங்களை இறங்க விடாங்கள். முப்பது காணும், போயிட்டு வாங்கோ."

போதும் என்ற அர்த்தத்தில் அவர் சொன்ன அந்தக் காணும் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன். அடுத்த வியாழன் அவர் போய்விட்டார். இப்போது என்னோடு சேர்த்து முப்பது. அவர் இருந்தபடியால்தான் நான் போகக்கூடியதாக இருந்தது என்பது அவர் இல்லாமல் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் திகதி போட்டால் இருபத்தொன்பது, இந்தக் கோடையில் எங்கள் குழு மைதானத்தில் கால் வைக்காது. ஒரு பருவம் இறங்காத குழு பிறகு எழும்புவது அரிது. அதைவிட இன்னொரு பயம் இருந்தது. செத்தவீட்டில் அவருடைய முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. அந்தத் தாள்தான் அவர் நெஞ்சை நிறுத்தியதோ என்று நினைத்தேன். இருபது நாள் வேறு எதையும் நான் நினைக்கவில்லை.

இதை எழுத முன் ஜெயந்தி அக்காவிடம் போய்ச் சொன்னேன். அக்கா சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நான் சொல்லி முடிக்கும்வரை கையை நிறுத்தவில்லை.

"தெரியும். அண்டைக்கு வந்தவுடனை சொன்னவர்" என்றார்.

"என்ன சொன்னவர் அக்கா?"

"சுதா போப்போறாள், போய் நல்லா வரட்டும் எண்டவர். பிறகு கதிரையில இருந்து விரலை மடிச்சு மடிச்சு ஆர் ஆர் மிச்சம் எண்டு எண்ணினவர். சாப்பாடு ஆறிப்போச்சு."

"என்னாலதான் அக்கா அவருக்கு..."

"விசர்க் கதை கதையாதை. மார்கழியில இருந்து நெஞ்சுக்க நோகுது எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சவர். நான் டொக்டரைப் பாக்க நாள் குறிச்சு டெர்மின் எடுத்துக் குடுத்தனான். அண்டைக்குப் போட்டி நடத்துறவையோட சந்திப்பு எண்டு அதை விட்டவர். பிறகு எடுத்ததையும் விட்டவர்." கீரைத் தண்டுகளை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டுத்தான் என்னைப் பார்த்தார். "அவருக்குப் பயம் எண்டைக்கும் இருந்தது. நீ புதுசாக் குடுக்கேல்லை."

அக்கா ஆறுதலுக்குத்தான் சொன்னார். என்னால் அதை முழுதாக வாங்கிக்கொள்ள முடியவில்லை. அந்த மனுசன் ஒன்பது வருடமும் பக்கத்தில் நின்று எங்களை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். யார் பிந்தி வருகிறார், யாருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது, யாருடைய முழங்கால் தேய்கிறது என்று ஒவ்வொன்றாக. நான் என் அடியை மட்டும் கேட்டுக்கொண்டு நின்றேன். வெட்கமாக இருக்கிறது.

மாற்றப் பதிவுக்கான கடைசி நாள் முடிந்துவிட்டது. தாளை நான் அனுப்பவில்லை. இதைப் பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள். நிறைந்த மேடையின் ஆசை எனக்கு இன்னும் இருக்கிறது. அடுத்த வருடம் நான் என்ன செய்வேன் என்று இன்று சொல்ல மாட்டேன். ஆனால் குழுவின் பதிவுப் பொறுப்பை எடுத்திருக்கிறேன். ஆண்டுக் கூட்டத்தில் அண்ணையின் யோசனையைத் திரும்பவும் முன்வைக்கப் போவது நான்தான். அன்று என் கால் எப்படி நடுங்கும் என்று எனக்குத் தெரியும்.

ஐந்தாவது மேளத்தை இன்னும் யாரும் தூக்கவில்லை. பயிற்சியில் என் அடிக்குப் பிறகு ஒரு இடைவெளி விழுகிறது. எல்லோரும் அதைக் கேட்கிறோம்.

அண்ணையிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொண்டது அவருடைய பயத்தை. ஒரு ஆள் குறைந்தால் எல்லாம் நின்றுபோகுமே என்ற அந்தப் பயம் இப்போது ஞாயிறுதோறும் என்னை எல்லோருக்கும் முன்பாக மண்டபத்துக்குக் கொண்டுவந்து விடுகிறது. வாசலில் நின்று வருகிறவர்களை எண்ணுகிறேன். போன ஞாயிறு கதவு சாத்துகிற நேரம்வரை எண்ணினேன். இருபத்தொன்பது. யாரோ ஒருவர் சொல்லாமல் விட்டுப் போய்விட்டார் என்று நினைத்து, பெயர்ப்பட்டியலை எடுத்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். திரும்பவும் இருபத்தொன்பது. மூன்றாவது முறை எண்ணும்போதுதான் தெரிந்தது, நான் என்னை எண்ணவில்லை.