சந்தோஷம் என்று நான் சொன்ன பொய்

போன சனிக்கிழமை அக்ரஹாரத்துப் பாத்திரக் கடை ஒன்றில் நின்றுகொண்டு ஒரு பித்தளைக் குண்டானைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கேயாவது ஓட்டை இருக்குமோ என்று சந்தேகம். எனக்கு எதிலும் சந்தேகம்தான் – வாராவாரம் படிக்கிற உங்களுக்குத் தெரியாததா?

பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்கதானே அந்த டீச்சர்? ஏழைகளுக்குக் கட்டிண்டிருந்த வீட்டை நிறுத்தினவா?"

கடைக்காரர்கூடத் தலையைத் தூக்கிப் பார்த்தார். ஆமாம் என்பதா, இல்லை என்பதா? குண்டானைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகும் மனசு அடங்கவில்லை. நிறுத்தியது நான்தான். ஆனால் அதற்கு முன்னால் அதைவிடப் பெரிய தப்பு ஒன்று செய்தேன். அது அந்த அம்மாளுக்குத் தெரியாது. உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

போன வருஷம் ஐப்பசியில் ஒரு வாரம் விடாமல் மழை கொட்டியது ஞாபகம் இருக்கும். ஊருக்கு வெளியே ஓர் ஏரியின் கரை விடியற்காலையில் உடைந்துகொண்டது. கரைக்குக் கீழே முழுக்க மண்சுவர் வீடுகள். இருந்தவர்கள் எல்லையில் ஓடும் பாலாற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர்களிலிருந்து கட்டட வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள். மைசூரில் புதிது புதிதாக எழும்புகின்றனவே பங்களாக்கள், அவற்றுக்குக் கல்லும் சுண்ணாம்பும் சுமக்கிறவர்கள் அவர்கள்தான். அவர்கள் வீடு மட்டும் பச்சை மண்.

மண் என்ன செய்யும்? கரைந்தது.

நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் நாலு வகுப்பறைகளை ஒழித்து அவர்களைத் தங்கவைத்தார்கள். எனக்குத் தமிழும் கன்னடமும் தெரியும் என்பதால் நிவாரணக் கமிட்டியில் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். வேலை? மொழிபெயர்ப்பது.

அங்கேதான் ராமாயியைப் பார்த்தேன். முப்பது வயதிருக்கும். சித்தாள் வேலை. இரண்டு குழந்தைகள். புருஷன் கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவளோடு இருந்த அவள் தங்கைமேல் சுவர் விழுந்துவிட்டது. பிழைக்கவில்லை. ராமாயி அழுது நான் பார்க்கவில்லை. வகுப்பறையில்கூடச் சுவரை விட்டு நாலடி தள்ளி, நடு அறையில்தான் உட்கார்ந்திருப்பாள்.

முதல் மாதம் மைசூரே திரண்டு வந்து கொடுத்தது. அரிசி வந்தது, கம்பளி வந்தது. ஜரிகை இற்றுப்போன பட்டுப்புடவைகள் வந்தன. ஒரு புண்ணியவான் டென்னிஸ் மட்டை கொடுத்தார்! சிரிக்காதீர்கள் – அவரும் நல்ல மனசோடுதான் கொடுத்திருப்பார். இரண்டாவது மாதம் ஒருவரும் வரவில்லை. பண்டிகைகள் வந்தன, கல்யாணங்கள் வந்தன, ஊர் மறந்துவிட்டது. தலைமையாசிரியை மட்டும் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "வகுப்பறை எப்ப காலியாகும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் சாவுகார் வந்தார். நஞ்சப்ப சாவுகார், காபித் தோட்டக்காரர். தம்முடைய சொந்த நிலத்தையே கொடுத்து, செங்கல் சுவரும் ஓட்டுக்கூரையுமாக எல்லாக் குடும்பத்துக்கும் வீடு கட்டித் தருவதாகச் சொன்னார். கமிட்டித் தலைவர், ரிட்டயரான பெரிய ஆபீசர், அன்றைக்குக் கண்ணீரே விட்டுவிட்டார். எனக்கும் அப்பாடா என்றிருந்தது.

மாசி மாதம் பூமி பூஜை. மாவிலைத் தோரணம், நாற்காலிகள், நாதஸ்வரம். சாவுகார் ஜரிகைத் தலைப்பாகையும் நீளக் கோட்டுமாக நடுவில் உட்கார்ந்திருந்தார். முந்தின இரண்டு நாளாக அஸ்திவாரக் குழி தோண்டியது ராமாயியும் மற்றவர்களும்தான்.

பூஜை முடிந்ததும் சாவுகார் கன்னடத்தில் கேட்டார்: "இவர்களுக்கு இடம் பிடித்திருக்கிறதா? கேளுங்கள்."

நான் கேட்டேன். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ராமாயி மட்டும் எழுந்து முன்னால் வந்தாள். கையில் ஒரு பிடி கறுப்பு மண்.

"சாமி கோவிச்சுக்கப்படாதுங்க. இது ஏரி மண்ணுங்க. ரெண்டு முழம் தோண்டுனதும் நத்தை ஓடு வருது, கோரைக் கெழங்கு வருது. இப்பக் காஞ்சு கெடக்குது. மழை வந்தா தண்ணி தன்ற எடத்தைத் தேடி வருமுங்க. கோரை மொளைச்ச எடத்துல ஊடு கட்டுனா, தண்ணிதான் ஊட்டுக்காரன். எங்களுக்கு வேற எடம் குடுங்க சாமி."

சாவுகார் என் பக்கம் திரும்பினார். "என்ன சொல்கிறாள்?"

ஒரே ஒரு நிமிஷம்தான். அதற்குள் என் தலைக்குள் என்னென்ன ஓடியது தெரியுமா? இவர் இன்னோர் ஊரில் கிணறு வெட்டிக்கொடுக்கப் போய், யாரோ குறை சொன்னார்கள் என்று பாதியில் திரும்பி வந்தவர் என்று கமிட்டியில் பேசிக்கொண்டிருந்தார்கள். உண்மையோ பொய்யோ… இவரும் எழுந்து போய்விட்டால்? நாலு வகுப்பறைக் குடும்பங்களும் எங்கே போகும்? கமிட்டித் தலைவர் வேறு என்னைக் கண்ணாலேயே அடக்கிக்கொண்டிருந்தார்.

கன்னடத்தில் சொன்னேன்: "ரொம்ப சந்தோஷமாம். உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறாளாம்."

சாவுகார் முகம் மலர்ந்தது. நாதஸ்வரக்காரர் ஊத ஆரம்பித்தார்.

எல்லோரும் கலைந்து போன பிறகு ராமாயி என்னிடம் வந்தாள்.

"டீச்சரம்மா… நான் எங்கீங்க சந்தோசம்னு சொன்னேன்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளுக்குக் கன்னடம் தெரியாதுதான். ஆனால் சந்தோஷம் இரண்டு மொழியிலும் சந்தோஷம்தானே!

"அப்புறம் நேரம் பார்த்துச் சொல்றேன் ராமாயி. இப்ப வேண்டாம்" என்றேன்.

"செரிங்க" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அந்த 'அப்புறம்' வரவே இல்லை. பங்குனி போயிற்று. அஸ்திவாரம் நிரம்பியது, செங்கல் இடுப்பளவு எழும்பியது. ஒவ்வொரு வரிசை ஏற ஏற எனக்குள் ஒரு கல் ஏறியது. வகுப்பில் கரும்பலகையில் எழுதும்போது ஜன்னல் வழியே மேகம் தெரிந்தால் சாக்கட்டி நின்றுவிடும். வகுப்புப் பெண்கள் சிரிப்பார்கள். நாளைக்குச் சொல்லலாம் என்பேன். நாளைக்கு வரும். நாளன்றைக்குச் சொல்லலாம் என்பேன்.

சித்திரையில் ஒரு நாள் மத்தியானம் மாங்காய் மழை பெய்தது. ஒரு மணி நேரம்தான். பள்ளி விட்டதும் நேரே அந்த நிலத்துக்கு ஓடினேன். ஊரெல்லாம் தரை காய்ந்துவிட்டது. அங்கே மட்டும் சுவர்களைச் சுற்றித் தண்ணீர் நின்றது. மறுநாள் போனேன், நின்றது. மூன்றாம் நாளும் நின்றது. கமிட்டித் தலைவர், "எல்லாம் காஞ்சிடும் டீச்சர், நீங்க வீணாக் கவலைப்படறீங்க" என்றார்.

நான் வீணாகக் கவலைப்படுகிறவள்தான். ஆனால் ராமாயி அப்படி இல்லையே?

நாலாம் நாள் சாவுகார் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் உட்காரவைத்தார்கள். புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டேன். அவர் வந்ததும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன் – நத்தை ஓடு, கோரைக்கிழங்கு, தேங்கிய தண்ணீர், எல்லாம்.

அவர் அசையவில்லை. "அன்றைக்கே சொன்னாளா?"

"அன்றைக்கே."

"நீங்கள் சந்தோஷம் என்றீர்களே?"

"அது… நானாகச் சொன்னது."

எழுந்து உள்ளே போய்விட்டார். அவ்வளவுதான். யாரோ காபி கொண்டுவந்து வைத்தார்கள். குடிப்பதா, வைத்துவிட்டுப் போவதா? வந்தவளுக்கு உபசாரமா, போகச் சொல்கிற ஜாடையா என்றே தெரியவில்லை. ஆறிய பிறகு குடித்துவிட்டு வந்தேன்.

மறுநாள் முதல் செங்கல் வண்டி வரவில்லை. மேஸ்திரி வரவில்லை. வேலை நின்றது.

வகுப்பறைகளில் என்னை ஒருவரும் 'வாங்க' என்று சொல்லவில்லை. ஒரு பெரியவர் வாய்விட்டே கேட்டார்: "கெடைச்சதையும் கெடுத்துப் போட்டீங்களே தாயி… நனைஞ்சாலும் ஊடு ஊடுதானுங்களே?" ராமாயியை அவளுடைய ஆட்களே ஏசினார்கள். தண்ணீர்க் குழாயில் அவள் குடத்தை நகர்த்தி வைத்தார்கள். தலைமையாசிரியை, லீவு முடிந்து பள்ளி திறக்கும் நாளைக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டு என் மேஜைக்கு எதிரே மாட்டிவைத்தார். செய்தது சரிதானா? நிஜமாகவே தெரியவில்லை. மழையே வராமல் போனால்? வந்தும் அந்த வீடுகள் நின்றிருந்தால்?

பன்னிரண்டு நாள் கழித்து ஒரு காலையில் பள்ளி வாசலில் ஒரு ஜட்கா வந்து நின்றது. சாவுகார். கோட்டு இல்லை, தலைப்பாகை இல்லை. வேட்டியில் முழங்கால்வரை கறுப்புச் சேறு. அந்த நிலத்தில் தாமே இறங்கிப் பார்த்துவிட்டு நேரே வந்திருந்தார்.

வகுப்பறைக்குள் போய், ஒண்ணாங்கிளாஸ் பெஞ்சில் உட்கார்ந்து, ராமாயியைக் கூப்பிட்டார். நான் பழக்க தோஷத்தில் பக்கத்தில் போய் நின்றேன்.

"நீங்கள் வேண்டாம் டீச்சர்" என்றார். கூட ஒருவரை அழைத்துவந்திருந்தார் – அவர் தோட்டத்து மேஸ்திரி, தமிழர்.

சுருக்கென்றது. ஆனால் நான் வாயைத் திறக்க என்ன இருக்கிறது?

மேஸ்திரி கேட்டார்: "ஏம்மா, முதலாளி கேக்கறாரு. எங்க கட்டலாம்? நீயே சொல்லு."

ராமாயி ஜன்னலுக்கு வெளியே கை நீட்டினாள். "அந்தப் பாறை மேடுங்க. பாறையில கடகாலுக்குக் குழி தோண்டறது கஷ்டம்தான். ஆனா அங்க தண்ணி ஏறாது. கல்லை நாங்களே ஒடைச்சுக்கறமுங்க."

மேட்டைப் பார்த்ததும் சாவுகார் முகம் சுண்டியது. அது அவருடையதல்ல, சர்க்கார் நிலம்.

இந்தக் கதையில் எனக்குப் பெரிய ஆச்சரியம் அதற்குப் பிறகுதான் வந்தது. கொடுத்தே பழகிய மனிதர், கேட்கப் போனார். கையில் ஒரு ஃபைலோடு ஆபீஸ் ஆபீஸாக ஏறினார். பெஞ்சில் காத்திருந்தார். 'நாளைக்கு வாங்க' என்றார்கள், நாளைக்குப் போனார். ஒரு தடவை வராந்தாவில் அவரைப் பார்த்தேன். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, யார் கதவைத் திறந்தாலும் பாதி எழுந்து எழுந்து உட்கார்ந்தார். என்னைப் பார்த்ததும் சிரித்தார். "இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரிகிறது டீச்சர், வாய் திறக்க எவ்வளவு பயமாக இருக்கிறதென்று."

மன்னித்துவிட்டாரா? கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நிலம் கிடைக்க ஆனி ஆகிவிட்டது. பள்ளி திறந்தபோது வகுப்பறைகள் காலியாகவில்லை. மூன்று மாதம் மரத்தடியில் பாடம் நடத்தினேன். பெற்றோர் இரண்டு பேர் என்மேல் புகார் எழுதிக் கொடுத்தார்கள். மேட்டில் ஆணும் பெண்ணும் கல் உடைத்தார்கள். செங்கல்லும் மரமும் ஓடும் சாவுகார் அனுப்பினார். ஏரி மண்ணில் போட்டுப் புதைத்த பணம் போக மிச்சத்தில் எல்லா வீடும் முடியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சில வீடுகளுக்கு இன்றைக்கும் கீற்றுக்கூரைதான். நான் மாசியிலேயே வாய் திறந்திருந்தால் அவற்றுக்கும் ஓடு இருந்திருக்கும். அந்தக் கீற்றைப் பார்க்கும்போதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொள்கிறேன்.

இந்த ஐப்பசியிலும் மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் சாவுகார் கொடுத்த பழைய நிலத்தில் பாதிச் சுவர்கள் முழங்கால் தண்ணீரில் நின்றன. ஊரே போய் வேடிக்கை பார்த்தது. "நல்ல வேளை" என்றார் கமிட்டித் தலைவர், ஏதோ தாமே கண்டுபிடித்த மாதிரி. ராமாயி பார்க்க வரவில்லை.

மழை கொஞ்சம் ஓய்ந்ததும் மேட்டுக்கு ஏறினேன். ராமாயி வாசலில் ஈர விறகை உதறிக்கொண்டிருந்தாள். புருஷன் கோலூன்றி நடக்கிறார். உள்ளே தரை காய்ந்திருந்தது. குழந்தைகள் களி தின்றுகொண்டிருந்தார்கள்.

"இப்ப பயம் போயிடுச்சா ராமாயி?"

என்னைப் பார்த்தாள், இதென்ன கேள்வி என்கிற மாதிரி.

"பயம் எங்கீங்க போகும் டீச்சரம்மா? மழைச் சத்தம் கேட்டா இன்னும் புள்ளைங்களை இழுத்து மடியில வச்சுக்கறேன்." விறகைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்தாள். "ஆனா இப்பெல்லாம் செவுத்துல சாஞ்சுதானுங்க உக்காந்துக்கறேன்."

வீடு கட்டிக்கொடுக்க நினைக்கும் தர்மவான்களே – முதலில் குழி தோண்டுகிறவளைக் கேளுங்கள். கேட்கும்போது நடுவில் என்னைப் போன்ற ஒரு டீச்சரை நிறுத்தாதீர்கள்!