படுக்க வைத்த குப்பிகள்

சாய்மாவைப் போன்ற பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. லிஃப்டில் தனியாக ஏற மாட்டாள். போன் அடித்தாலே முகம் வெளிறிவிடும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், இவளுக்கு வெளிச்சத்திலும் பேய்தான்.

தரமணியில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் பழ ஈ வளர்ப்பது அவள் வேலை. காலையில் சோளமாவும் வெல்லமும் கூழாகக் காய்ச்சிக் கண்ணாடிக் குப்பிகளில் ஊற்றுவாள். ஆறியதும் ஈக்களை அதில் மாற்றிப் பஞ்சால் அடைப்பாள். அவள் பயம் எனக்கு எரிச்சல் மூட்டும். ஆனால் அந்தப் பயத்தில் அவள் குப்பிகளை அடிக்கடி எட்டிப் பார்த்ததால்தான் என் ஈக்கள் பிழைத்துக் கிடந்தன என்பதையும் சொல்லியாக வேண்டும்.

என் ஈக்கள் தனி ரகம். ஒரே ஒரு மரபணுவில் பழுது, அவ்வளவுதான். அதனால் உடம்பு உணவை வேகமாக எரிக்கிறது. மற்ற ஈக்கள் இதமான சூட்டில் சுகமாக இருக்க, இவை குளிரைத் தேடி ஓடும். சூடு பட்டால் பொசுக்கென்று போய்விடும். வழக்கமாக ஒவ்வொரு ரகத்துக்கும் குப்பிகள் அடுக்கிய மாற்றுத் தட்டு ஒன்று வைத்திருப்போம். அதில் போன மாதம் பூஞ்சை பிடித்துவிட்டது. என் பல வருட உழைப்பு மிச்சமிருந்த ஒரே தட்டில் இருந்தது.

மே மாதத்து மத்தியானம் மின்சாரம் போனது. ஜெனரேட்டர் புகையைக் கக்கிவிட்டு நின்றது. குளிர்பெட்டியின் வெப்பமானி முள் ஏறத் தொடங்கியது.

"அக்கா, செத்துடும்க்கா. எங்கத்தா கடைக்குப் போலாம். இன்சுலின் வெக்கிற ஃப்ரிட்ஜ், இன்வர்ட்டர்ல ஓடிக்கினு கீது" என்றாள் சாய்மா.

தட்டை ஐஸ் பெட்டியில் வைத்து மடியில் இறுக்கிக்கொண்டு என் ஸ்கூட்டரில் ஏறினாள். திருவான்மியூர் வரை என் முதுகில் அவள் நடுக்கம் தெரிந்தது.

அவள் அப்பா கலீமுல்லா அவசரமாக ஃப்ரிட்ஜில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். குளிரில் ஈக்கள் மயங்கும், சாகாது. ஆனால் மயங்கியவை கூழில் விழுந்தால் ஒட்டிக்கொண்டு அதிலேயே முடிந்துவிடும். அதனால் குப்பிகளைப் படுக்க வைப்போம். சாய்மா ஒவ்வொன்றாகப் படுக்க வைத்தாள்.

சாயங்காலம் மின்சாரம் வந்ததும் போய்த் திறந்தோம். குப்பிகள் எல்லாம் வரிசையாக, அழகாக நின்றுகொண்டிருந்தன.

"சரிஞ்சு கெடந்துச்சும்மா, நான்தான் நேரா வெச்சேன். மருந்துக் கடையில பாட்டில் படுத்துக் கெடந்தா நல்லாவா கீது?" என்றார் கலீமுல்லா.

கூழில் ஈக்கள் கறுப்பாக ஒட்டிக் கிடந்தன. ஒன்றுகூட அசையவில்லை. நான் அவரிடம் வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவர் மகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அத்தாவைத் திட்டாதீங்கக்கா. ஏன் படுக்க வெச்சேன்னு நான்தான் அவர்கிட்ட சொல்லாம வந்துட்டேன்" என்றாள் சாய்மா. பிறகு ஒரு குப்பியை வெளிச்சத்தில் பிடித்தாள். குப்பியின் உள்சுவரில் சில கூட்டுப்புழுக்கள் ஒட்டியிருந்தன.

அவைதான் இனி எல்லாம். உயிரோடு வெளிவருமா என்று ஒரு பயம். வந்தாலும், கூட்டுக்குள் வெயிலும் குளிரும் மாறி மாறிப் பட்டதில் குளிரைத் தேடும் புத்தி கெட்டிருந்தால் என்ன செய்வது என்று இன்னொரு பயம். பஞ்சை மாற்றக்கூட எங்களுக்குக் கை வரவில்லை.

ஆய்வுக்கூடத்தில் நாலு நாள் கழித்துக் கொஞ்சம் ஈக்கள் வெளிவந்தன. பசித்தால் சாதாரண ஈயும் குளிர்ப்பக்கம் ஒதுங்கும் என்பதால், முதலில் வயிறு நிறையத் தின்னவிட்டோம். பிறகு ஒருமுனை சூடாகவும் மறுமுனை குளிராகவும் இருக்கும் நீளத் தகட்டின் நடுவில் விட்டேன். சாய்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

"எந்தப் பக்கம்க்கா?"

நான் தகட்டின் மேல் குனிந்து ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவள் அழவே ஆரம்பித்துவிட்டாள்.

"குளிர்ப்பக்கம்டி. எல்லாமே" என்றேன்.

அப்படியே தரையில் உட்கார்ந்தாள். முகத்தைக்கூடத் துடைக்காமல் போனை எடுத்தாள்.

அன்றிலிருந்து கலீமுல்லா கடையில் இருமல் டானிக் முதல் பினாயில் வரை எல்லாவற்றையும் படுக்க வைத்திருந்தாராம். யார் சொல்லியும் கேட்கவில்லையாம்.

"அத்தா, பொழைச்சிடுச்சு. பாட்டிலை எல்லாம் நிமித்தி வெச்சிருங்க" என்றாள்.